மிதிக்கு இரண்டு சொல்

என் மகள் புஷ்பா பரீட்சையில் இரண்டு முறை தோற்றாள் என்பது என் நினைவு. என் மனைவி தாயம்மாள் மூன்று என்கிறாள். தோற்றவளையே கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறாள். ஆண்டுகூட எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. எண்பத்தாறில் தொடங்கி எண்பத்தேழு ஆகஸ்டில் முடிந்தது என்று வைத்துக்கொள்கிறேன். அந்த நாட்களில் செய்தித்தாளில் ஏரிகளைப் பற்றிய தலையங்கம் அடிக்கடி வந்தது என்பது மட்டும் உறுதி. அதை உரக்கப் படித்தவன் நான்தான்.

அப்போது நாங்கள் நெமிலிச்சேரியில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்குப் பவர் பிரஸ் ஓட்டும் வேலை. தகட்டை உள்ளே தள்ளி, கையை எடுத்து, காலால் மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரு வாஷரை வெட்டிப் போடும். மறுபடி தகடு, மறுபடி மிதி. எழுபத்தொன்பதில் ஒரு நாள் என் கை தாமதித்துவிட்டது, கால் முந்திக்கொண்டது. இடது ஆள்காட்டி விரலின் முதல் கணு அன்றோடு போயிற்று. வலி இரண்டு மாதத்தில் அடங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு யாருடைய கையாவது அவசரப்பட்டால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தாயம்மாள் காய் நறுக்கும்போதுகூட நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எனக்குப் பேச்சும் குறைவு. எட்டாவது வரைக்கும்தான் படித்தேன் என்றாலும் கையில் அகப்படும் எதையும் படிப்பேன். ஒரு வாக்கியம் பிடித்துவிட்டால் அங்கேயே உட்கார்ந்துகொள்வேன். "இந்த ஆளுக்கு ஒரு பக்கம் படிக்க ஒரு அமாவாசை ஆவும்" என்பாள் தாயம்மாள். அது பொய்யில்லை.

புஷ்பா எங்களுக்கு ஒரே பெண். பிளஸ் டூ முடித்த கையோடு அதே எஸ்டேட்டில் ஸ்விட்சு பூட்டும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று சொன்னாள்.

"நைனா, எங்க ஆபீசுல பத்மான்னு ஒரு அக்கா கீது. இன்னிக்கி மேனேஜருங்க நாலு பேரும் சண்ட. நான் அப்டி சொல்லல, நீதான் சொன்னேன்னு ஒரே கத்தல். அந்த அக்கா நோட்ட எடுத்து, யாரு இன்னா சொன்னாங்கன்னு அப்டியே படிச்சுது. நாலு பேரும் கம்முனு ஆய்ட்டாங்க."

"எப்டி எழுதுச்சாம் அவ்ளோத்தையும்?"

"ஷார்ட்ஹேண்டு நைனா. கோழி கிறுக்கன மாதிரி கீது. ஆனா எல்லாம் கீது. எனக்கு அது வோணும்."

அப்படித்தான் அவள் பட்டாபிராமில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்த பார்த்தசாரதி மாஸ்டரின் இன்ஸ்டிடியூட்டில் தமிழ்ச் சுருக்கெழுத்துக்குச் சேர்ந்தாள். காலை ஆறிலிருந்து ஏழு வரை வகுப்பு. அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்கு ஓடி வருவாள். நான் அவளுடைய சோற்று டப்பாவோடு பிளாட்பாரத்தில் நிற்பேன். மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் தொடையில் விரலால் கோடு போடுவாள். கிடைக்காவிட்டால் நின்றபடியே, பிடித்துக்கொண்ட கம்பியில் போடுவாள். மெல்லிய கோடு ஓர் ஓசை, அழுத்திய கோடு இன்னோர் ஓசை என்று எனக்கு விளக்கினாள். காலண்டரின் பின்பக்கம், மளிகைப் பொட்டலக் காகிதம், ஒரு தடவை என் சம்பளக் கவர், எல்லாவற்றிலும் அந்தக் கோழிக் கிறுக்கல். ஒரு பென்சில் பத்து நாள் தாங்காது. கட்டை விரலுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு காய்ப்பு விழுந்தது. வாஷர் வெட்டி எனக்கு விழுந்த காய்ப்புக்கு அது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

வகுப்பில் கற்றால் போதாது, வீட்டில் யாராவது படிக்க, அவள் எழுதிப் பழக வேண்டும் என்றார் மாஸ்டர். பரீட்சையில் நிமிடத்துக்கு எண்பது சொல் படிப்பார்களாம். தாயம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே நான்.

தினமும் மாலை, வெளிச்சம் இருக்கும்போதே வாசலில் எதிரெதிரே உட்காருவோம். நான் தலையங்கத்தைப் படிப்பேன். அவள் எழுதுவாள். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவாள். ஒரு சொல் விட்டுப் போயிருக்காது. முதல் மாதத்தில் ஒரே ஒரு வில்லங்கம் வந்தது. 'மக்கள் வாழ வழி செய்ய வேண்டும்' என்று தாளில் இருந்ததை நான் எங்கள் பக்கத்து வழக்கப்படி "மக்கள் வாய வயி செய்ய வேண்டும்" என்று படித்திருக்கிறேன். ஓசையை எழுதும் எழுத்தல்லவா அது? மறுநாள் வகுப்பில் அவள் அதை விரித்து எழுதியபோது 'மக்கள் வாய் வயிறு செய்ய வேண்டும்' என்று வந்ததாம்.

"உங்க வீட்டுல யாரும்மா படிக்கிறது?" என்று மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

அன்றிலிருந்து புஷ்பா என்னை ழகரம் சொல்ல வைத்தாள். "நாக்க மடி நைனா. இன்னும் மடி. பல்லுல படக் கூடாது." நாற்பத்திரண்டு வயதில் நாக்கை மடித்து மடித்து, ஒரு வாரத்தில் மழை பெய்தது என் வாயில்.

முதல் பரீட்சை போயிற்று. தோல்வி. முதல் தடவைதானே என்றோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் மறுபடி இன்ஸ்டிடியூட்டில் இருந்தாள். ஆறு மாதம் கழித்து அடுத்த பரீட்சை. வீட்டில் ஒரு சொல் விடாமல் எழுதுகிறவள், அங்கே பாதிக்கு மேல் எழுத முடியவில்லை என்று சொன்னாள். மறுபடியும் தோல்வி.

தாயம்மாள் அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொன்னாள். "இன்னும் ஒரு தபா. அதுலயும் ஃபெயிலுன்னு வந்து நின்னா அந்தப் பென்சிலுங்கள அடுப்புல போட்டு சுடு தண்ணி வெச்சிருவேன். பொண்ணு எலும்பும் தோலுமா கீது."

புஷ்பா பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். சீவும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குக் கை இருக்கிறது, காது இருக்கிறது, பிடிவாதம் என்னிடமும் தாயம்மாளிடமும் இருப்பதைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாக இருக்கிறது. பிறகு எங்கே தப்புகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் என்னை வரச் சொன்னார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. எதிரில் ஸ்டூலைக் காட்டினார். செய்தித்தாளைக் கையில் கொடுத்தார்.

"வீட்டுல எப்படிப் படிப்பீங்களோ அப்படியே படிங்க சார். பாப்பா எழுதட்டும்."

என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்துக்கொண்டு, தாளில் ஏதோ புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். முடித்தேன். புஷ்பா திருப்பிப் படித்தாள். ஒரு சொல் விடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "முதல் நிமிஷம் எழுபது சொல் படிச்சீங்க. ரெண்டாவது நிமிஷம் அம்பத்தஞ்சு. மூணாவது, கஷ்டமான வார்த்தையெல்லாம் வந்துதே, அப்ப நாப்பத்தி ரெண்டு. சார், நீங்க படிக்கும்போது எங்க பார்த்தீங்க?"

"பேப்பரத்தான் பாத்தேங்க."

"இல்ல. ஒரு கண்ணு பேப்பர்ல. இன்னொரு கண்ணு பாப்பா பென்சில்ல. அது தடுமாறினா நீங்க நிக்கிறீங்க. அது எழுதி முடிச்சதும் கிளம்பறீங்க. பரீட்சையில படிக்கிறவர் யாருக்காகவும் நிக்க மாட்டாரு சார்."

மேல்மாடி முழுக்கத் தட்டச்சு இயந்திரங்கள் படபடத்துக்கொண்டிருந்தன. நான் என் குட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது தண்டவாளத்தை ஒட்டியே நடந்தோம். பாதி வழியில் கேட்டேன். "உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்டி நைனா தெரியும்? நான் வேகமா எழுதறேன்னு நெனச்சிகினு இருந்தேன்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேரும் சேந்து ஒர்த்தர ஒர்த்தர் நல்லா ஏமாத்திகினு இருந்திருக்கோம்."

நான் சிரிக்கவில்லை. இரண்டு பரீட்சையிலும் அவள் தோற்கவில்லை, நான்தான் தோற்றிருக்கிறேன் என்று பட்டது.

"அப்ப வேற யாரையாவது படிக்கச் சொல்லலாமா?" என்றேன்.

"அதெல்லாம் இல்ல. உன்ன பாஸ் பண்ண வெக்காம நான் வுட மாட்டேன்."

மறுநாள் என் மகள் சொன்னபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். எனக்குத் தெரு, அவளுக்கு என் முதுகு. அப்படியும் பயனில்லை. பின்னால் பென்சில் ஓசை நின்றால் என் நாக்கு தானாக நின்றது. கண்ணை ஏமாற்றலாம், காதை என்ன செய்வது? கடிகாரத்தைப் பார்த்துப் படித்தால் வரி தவறியது.

வழி கம்பெனியில் கிடைத்தது. மிதித்துக்கொண்டிருந்தேன். என் பிரஸ் பக்கத்தில் சூப்பர்வைசர் வரதன் வழக்கம்போலக் கைக்கடிகாரத்தோடு நின்று எண்ணிவிட்டு, "நாப்பது. சரியா நாப்பது. பதினஞ்சு வருஷமா இதே நாப்பது" என்று சொல்லிவிட்டுப் போனார். நிமிடத்துக்கு நாற்பது மிதி. யோசித்துப் பார்த்தால், இந்த உலகத்தில் என் உடம்பில் எதற்காகவும் நிற்காத உறுப்பு ஒன்று உண்டென்றால் அது என் வலது கால்தான். அது எதற்கும் நின்றதில்லை என்பதை விரல் அறியும்.

ஒரு மிதிக்கு இரண்டு சொல். நாற்பது மிதிக்கு எண்பது.

முதல் நாள் தலையங்கத்தை மனதில் வைத்துக்கொண்டு வாய்க்குள் ஓட்டிப் பார்த்தேன். 'ஏரிகளைத் தூர்' ஒரு மிதி. 'வாருவதில் அரசு' ஒரு மிதி. 'இனியும் காலம்' ஒரு மிதி. 'தாழ்த்தலாகாது' நீளமான சொல், அதற்கு அப்பால் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மதியத்துக்குள் பிடிபட்டுவிட்டது. அடுத்த பிரஸ்ஸில் இருந்த கஜபதி மூன்று நாள் பார்த்துவிட்டு நான்காம் நாள் கேட்டான்.

"இன்னா மாமே, வாய் முணுமுணுன்னுகினே கீது? மந்திரமா?"

"தலையங்கம்."

"ஐயோ, வாஷருக்குப் போயி எதுக்கு தலையங்கம்? பிரஸ்ஸுல கைய வெச்சிகினு வெளையாடாத. கீற விரலாவது இருக்கட்டும்."

சொன்னேன். எனக்குப் பழக்கமில்லாத அளவுக்கு நீளமாக, புஷ்பாவின் கதை முழுவதையும் சொன்னேன். கஜபதி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டான். "அட, நம்ம புஷ்பாவுக்கா? அப்ப மிதி" என்றான்.

மாலையில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து, வலது காலால் தரையைத் தட்டிக்கொண்டே படித்தேன். பின்னால் பென்சில் நின்றது. கால் நிற்கவில்லை, காலோடு வாயும் போயிற்று. முடித்துத் திரும்பினால் புஷ்பாவின் நோட்டில் அங்கங்கே வெறுமையாக இருந்தது.

"இருவது வார்த்த பூட்ச்சு" என்றாள். முகம் வெளுத்திருந்தது. "சூப்பர் நைனா. திருப்பிப் படி."

இருபது, பதினாறு, பதினெட்டு, பதினொன்று. நாட்கள் அப்படிப் போயின. தெருவுக்கு நாங்கள் வேடிக்கையாகிவிட்டோம். எதிர்வீட்டுக் குப்பம்மா முதலில் எலெக்‌ஷனா என்று கேட்டாள். பிறகு தினமும் இடுப்பில் குடத்தோடு நின்று கேட்க ஆரம்பித்தாள். ஒரு நாள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணாத்தே, ஏரிய தூர் வாரப் போறாங்கன்னு டெய்லி சொல்றியே, என்னிக்கி வாராங்க? எங்கூட்டு ஆளுக்கு அதுல வேல கெடைக்குமா?"

"அது தலையங்கம் குப்பம்மா."

"யாரோ. அவுரையே கேட்டு சொல்லு."

தாயம்மாளுக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவள் ஆரம்பித்தாள். அடுப்பு அணைந்தது, தண்ணீர் பிடிக்க ஆளில்லை, பெண்ணுக்குத் தலைவார நேரமில்லை, அப்பன் தெருவைப் பார்த்துக் காலை ஆட்டிக்கொண்டு கத்துகிறான், ஊர் சிரிக்கிறது என்று கமா இல்லாமல், புள்ளி இல்லாமல் போய்க்கொண்டே இருந்தாள். ஓய்ந்தபோது புஷ்பா எழுந்து நின்று நோட்டைப் பார்த்துப் படித்தாள். அடுப்பிலிருந்து ஊர் வரைக்கும். நடுவில் என்னைச் சொன்ன இரண்டு கெட்ட வார்த்தைகளும் விட்டுப் போகவில்லை.

தாயம்மாள் வாயைப் பிளந்து நின்றாள். "அடிப்பாவி, நான் திட்டனது அதுல கீதா?"

"ஃபுல்லா கீது. நிமிஷத்துக்கு நூறு இருக்கும்மா நீ. இன்னும் கொஞ்சம் திட்டேன்."

திட்ட வாயெடுத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் அவளும் பயிற்சி கொடுத்தாள். பொருளுக்குப் பஞ்சமே இல்லை, நான் இருந்தேன்.

ஜூலையில் விட்டுப் போகும் சொற்கள் நின்றன. பரீட்சைக்கு எண்பது என்றால் வீட்டில் தொண்ணூறு படியுங்கள் என்று மாஸ்டர் சொல்லி அனுப்பினார். ஆகவே கம்பெனியில் என் காலை நாற்பத்தைந்துக்குத் தயார்ப்படுத்தினேன். வரதன் எண்ணிப் பார்த்து அதிசயப்பட்டு, முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார். மறுநாள் கஜபதி என்மேல் பாய்ந்தான்.

"யோவ், உன் பொண்ணு பாஸாவறதுக்குள்ள எங்க எல்லாருக்கும் டார்கெட்ட ஏத்தி வுட்ருவான்யா! பரீட்ச என்னிக்கி? அது முடிஞ்ச மறுநாள் நீ நாப்பதுக்கு எறங்கற. சொல்ட்டேன்."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

பரீட்சை ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில். நானும் கூடப் போனேன். எட்டுப் பென்சில் சீவி வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் சீவியவை. முனை ஒடிந்தால் திருப்பிக்கொள்ள. கேட்டுக்கு வெளியே தடுத்துவிட்டார்கள். சுவரோரம் போய் நின்றேன். ஜன்னல்கள் திறந்திருந்தன. மணி அடித்தது. ஒரு ஆண் குரல் படிக்கத் தொடங்கியது. என்ன பொருள் என்று இன்று நினைவில்லை. கூட்டுறவு என்று ஒரு சொல் அடிக்கடி வந்தது.

என் வலது கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது. மிதிக்கு இரண்டு. மிதிக்கு இரண்டு. அந்த மனிதர் கெட்டிக்காரர், கமாவுக்குக்கூட மூச்சு விடவில்லை. என் கண்ணுக்கு அவள் கை தெரியவில்லை. காதுக்குப் பென்சில் கேட்கவில்லை. அவள் நின்றுவிட்டாளா, போய்க்கொண்டிருக்கிறாளா என்று அறிய எனக்கு ஒரு வழியும் இல்லை. ஒரு வருடமாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் நான். இப்போது ஒரு சுவர். ஐந்து நிமிடமோ ஏழு நிமிடமோ, என் வாழ்க்கையில் நான் நின்ற நேரங்களில் அதுதான் நீளமானது. நடுவில் ஒரு கணம், பார்க்க வேண்டியதில்லை என்று தோன்றியது. போய்க்கொண்டிருப்பாள்.

எழுதியதை விரித்து எழுதி முடித்து வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. பிள்ளைகள் ஒவ்வொருவராக, தொங்கிய முகத்தோடு வந்தார்கள். "என்னா ஸ்பீடு, என்னா ஸ்பீடு" என்று ஒருவன் புலம்பிக்கொண்டு போனான். கடைசிக்கு முன்னால் புஷ்பா வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பாதியைக் குடித்தாள்.

"இன்னாச்சு?"

வாயைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப மெதுவா படிச்சாரு நைனா" என்றாள்.

ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மணி என்ன என்று கேட்டார். "நாலே கால். இது என் பொண்ணு. ஷார்ட்ஹேண்டு பரீட்ச எழுதிட்டு வருது. ரொம்ப மெதுவா படிச்சாங்களாம்" என்றேன். முடிவு வர இரண்டு மாதம் இருந்தது. அவர் நல்லது என்று சொல்லி எழுந்து கதவுப் பக்கம் போனார். புஷ்பா வெட்கத்தில் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் தொடையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. நான் சொன்னதையாக இருக்கலாம்.

புஷ்பா முதல் வகுப்பில் தேறினாள். அடுத்தடுத்த நிலைகளையும் முதல் தடவையிலேயே முடித்து, தொண்ணூற்றொன்றில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோவாகச் சேர்ந்தாள். மணமாகிக் கொரட்டூரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். பார்த்தசாரதி மாஸ்டரின் மாடியில் இப்போது கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது; அவர் மகன் நடத்துகிறான், அவர் ஓரத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். வரதன் வேறு கம்பெனிக்குப் போனார். கஜபதி ஓய்வுக்குப் பிறகு டீக்கடை வைத்திருக்கிறான், எனக்கு மட்டும் சர்க்கரை கூடப் போடுவான். சத்தியம் செய்தபடி நான் மறுநாளே நாற்பதுக்கு இறங்கிவிட்டேன், தொண்ணூற்றெட்டில் வேலையை விட்டேன். ஏரிக்கு ஏன் இன்னும் யாரும் வரவில்லை என்று குப்பம்மா என்னைத்தான் கேட்கிறாள். தாயம்மாள் நலம், வேகம் குறையவில்லை. மீதி ஒன்பது விரலும் எனக்கு முழுதாக இருக்கின்றன.